காட்டுச் சிற்றூரில் ஓர் அறிஞர்

ஆல்பிரட் ரசல் வாலஸ் 1823ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டில் உஸ்க் என்னும் ஊரின் அருகே பிறந்தார். குடும்ப வறுமையால் ஏறத்தாழ 14 வயதிலேயே பள்ளிப் படிப்பை விட்டார். நில அளவைப் பணி செய்துகொண்டே செடிகளையும் வண்டுகளையும் ஆராயத் தொடங்கினார். 1848இல் அமேசான் காடுகளுக்குச் சென்று உயிரினங்களைச் சேகரித்தார். 1852இல் நாடு திரும்புகையில் கப்பல் தீப்பற்றியது. உடன் கொண்டுவந்த சேகரிப்பெல்லாம் அழிந்தது. அவர் பத்து நாள் படகில் தத்தளித்துப் பிழைத்தார்.

வேறொருவராயின் வீட்டோடு இருந்திருப்பார். வாலசோ 1854இல் சிங்கப்பூர் வந்திறங்கினார். புக்கிட் தீமா காட்டில் மட்டும் ஏறத்தாழ 700 வகை வண்டுகளைக் கண்டெடுத்தார். புலி பிடிக்கத் தோண்டிய குழிகள் அங்கே இருந்தன என்பதையும் எண்ணிப் பாருங்கள்! பிறகு சரவாக் சென்றார். அங்கே அலி என்னும் மலாய் இளைஞர் அவருக்குத் துணையானார்; பறவைகளைப் பிடிக்கவும் தோலுரித்துப் பதப்படுத்தவும் தேர்ந்தார்.

1857இல் இருவரும் நியூகினிக்கு அருகிலுள்ள ஆரு தீவுகளை அடைந்தனர். சொர்க்கப் பறவைகளைத் தேடி உட்காட்டிலுள்ள வனும்பை என்னும் சிற்றூருக்குச் சென்றனர். அங்கே பலர் கூடி வாழ்ந்த குடிசையில் ஒரு சிறு பகுதியே வாலசுக்குக் கிடைத்தது. பூச்சிக் கடியால் அவர் கால்கள் புண்ணாகிப் பல வாரம் நடக்க இயலவில்லை. தவழ்ந்தே ஆற்றுக்குச் சென்று குளித்தார். நீலச் சிறகு வண்ணத்துப்பூச்சிகள் கண்முன்னே பறந்தும் பிடிக்க முடியாமல் தவித்தார். ஊர் மக்களோ இறகில் இரத்தம் படாதபடி மழுங்கிய அம்புகளால் பெரிய சொர்க்கப் பறவைகளை வீழ்த்தினர்.

செத்த உயிர்களை இவர் ஏன் சேர்க்கிறார் என்று அவர்கள் வியந்தனர். ஊருக்குப் போனதும் இவை மீண்டும் உயிர்பெறும் என்றே முதியவர் ஒருவர் முடிவு கட்டினார். அவர் நாட்டின் பெயரையும் எவரும் நம்பவில்லை. அப்படியொரு பெயர் இருக்குமா என்று நகைத்தனர்.

ஆரு தீவுகளில் அவருக்கு அரச சொர்க்கப் பறவை ஒன்று கிடைத்தது. செந்நிற மேனி, வாலில் இரு மெல்லிய கம்பிகள், அவற்றின் நுனியில் மரகதச் சுருள்! மகிழ்ச்சியோடு கவலையும் அவரைப் பற்றியது. நாகரிக மனிதன் இக்காட்டை அடைந்தால், தான் போற்றும் இவ்வழகைத் தானே அழித்துவிடுவான் என்று எண்ணினார்.

மறு ஆண்டு, உயிரினங்கள் மாறிவரும் முறை குறித்துத் தாம் கண்ட கருத்தைச் சார்லஸ் டார்வினுக்கு எழுதியனுப்பினார். 1858 ஜூலை 1ஆம் நாள் இருவர் கட்டுரைகளும் இலண்டனில் ஒன்றாகப் படிக்கப்பட்டன.

எட்டு ஆண்டுகளில் 1,25,660 உயிரின மாதிரிகளைச் சேர்த்த வாலஸ், 1862இல் அலியைப் பிரிந்து தாயகம் திரும்பினார், 1913இல் மறைந்தார். அவர் சேகரித்த பறவைகள் பல இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.