கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்ட மன்னர்

அக்பர் என்றதும் உங்களுக்கு யார் நினைவுக்கு வருகிறார்? பீர்பால்தானே! நான் வகுப்பில் பாடம் நடத்திய காலத்திலும் அப்படித்தான். பானிப்பட்டுப் போரை ஆரம்பித்தால் பிள்ளைகள் பீர்பால் கதை கேட்பார்கள். இன்று பீர்பால் வராத அக்பர் கதை ஒன்றைச் சொல்கிறேன்.

அக்பர் 1542-ல் உமர்கோட்டில் பிறந்தார். 13 வயதிலேயே அரியணை ஏறிவிட்டதாலோ என்னவோ, எழுதப் படிக்கக் கற்கவில்லை. ஆனால் தினமும் நூல்களைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். படித்த பக்கங்களைக் கணக்கிட்டு, படித்தவருக்குப் பொன்னோ வெள்ளியோ பரிசு தருவார். நமக்கு அப்படி ஒரு வேலை கிடைத்தால் எப்படி இருக்கும்!

அவருடைய நாட்டில் பல மதத்தவர் வாழ்ந்தனர். இந்து யாத்திரிகர்கள் கட்டிய வரியை 1563-லும், முஸ்லிம் அல்லாதோர் மீதான ஜிஸியா வரியை 1564-லும் நீக்கினார். 1575-ல் பதேபூர் சிக்ரியில் இபாதத் கானா என்ற மண்டபம் கட்டி, மத அறிஞர்களைப் பேச வைத்தார்.

குஜராத்தை வென்றபோது போர்த்துகீசியரைச் சந்தித்த அக்பருக்கு, அவர்களின் மதத்தையும் அறிய ஆவல். கோவாவுக்குத் தூது அனுப்பினார். 1580-ல் அக்வாவிவா, மான்செராத் முதலிய பாதிரியார்கள் வந்து சேர்ந்தனர். அவர்கள் பைபிளைப் பரிசளித்தபோது, அக்பர் தலைப்பாகையைக் கழற்றினார். நூலை முத்தமிட்டுத் தலைமேல் வைத்துக்கொண்டார். சபையில் இருந்தவர்கள் திகைத்துப் போயிருப்பார்கள், இல்லையா?

அதோடு விடவில்லை. தன் மகன் முராதை மான்செராத்திடம் பாடம் படிக்க அனுப்பினார். முராதுக்கு அப்போது உங்கள் வயதுதான், சுமார் 10! பாதிரியார்கள் தங்கள் முறைப்படி வழிபட இடமும் கொடுத்தார். இயேசு எப்படிக் கடவுளின் மகன் ஆவார் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசிவரை அது அவருக்கு விளங்கவில்லை. விளங்காததற்காகக் கேட்பதை நிறுத்தவும் இல்லை.

இதெல்லாம் எல்லோருக்கும் பிடிக்குமா? மன்னர் மார்க்கத்தை விட்டு விலகுகிறார் என்று முணுமுணுப்பு எழுந்தது. வங்காளத்திலும் பீகாரிலும் கலகம் மூண்டது. காபூலை ஆண்ட தம்பியே 1581-ல் படையெடுத்து வந்தார். அரியணையே ஆட்டம் கண்ட நேரம் அது! அப்போதும் அக்பர் பாதிரியார்களைத் துரத்திவிடவில்லை. காபூல் நோக்கிப் படையோடு புறப்பட்டபோது மான்செராத்தையும் அழைத்துச் சென்றார்.

பாதிரியார்களுக்கும் ஏமாற்றம்தான். மன்னர் கிறிஸ்தவராவார் என்று காத்திருந்தார்கள், அவர் ஆகவில்லை. 1583-ல் அக்வாவிவா கோவா திரும்பிவிட்டார். பிறகு 1595-ல் வந்த ஜெரோம் சேவியர் பாரசீகம் கற்று, மன்னர் விருப்பப்படி இயேசுவின் வரலாற்றை அம்மொழியில் எழுதி 1602-ல் முடித்தார். ஆக்ராவில் தேவாலயம் கட்டவும் அக்பர் அனுமதி தந்தார். பின்னாளில் அது இடிக்கப்பட்டு, மீண்டும் கட்டப்பட்டது.

1605-ல் அக்பர் காலமானார்.

பதேபூர் சிக்ரிக்குப் போனால், புலந்த் தர்வாசா என்ற பிரம்மாண்டமான வாசலைக் கழுத்து வலிக்க நிமிர்ந்து பாருங்கள். அது மசூதியின் வாசல். அதில் பாரசீக எழுத்தில் இயேசு சொன்னதாக ஒரு வாசகம் செதுக்கப்பட்டிருக்கிறது. எங்கே என்று வழிகாட்டியிடம் கேளுங்கள், காட்டுவார்.