பிரிக்கப்படாத சுருள்

உலக வரலாற்றில் ஒரு மனிதரின் இறுதி நாள் நாழிகை நாழிகையாக எழுதிவைக்கப்பட்டிருக்கிறது எனில், அது உரோமாபுரியை ஆண்ட ஜூலியஸ் சீசரின் இறுதி நாளே எனலாம். கி.மு. 44ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15ஆம் நாள் அது. திங்களின் நடுவில் வரும் அந்நாளை உரோமர் ஐட்ஸ் என வழங்கினர். ஷேக்ஸ்பியரின் நாடகத்தைப் பயின்ற மாணவர்க்கு அந்நாளை அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. எனினும் நாடகம் விரைந்து கடந்து சென்ற சில செய்திகள் நின்று நோக்கத் தக்கன.

கி.மு. 100இல் பிறந்த சீசர், கால் நாட்டை வென்று, கி.மு. 49இல் ரூபிகான் ஆற்றைக் கடந்து, மறு ஆண்டு ஃபர்சாலஸ் களத்தில் பாம்பேயை முறியடித்தார். இன்று நாம் கைக்கொள்ளும் நாட்காட்டிக்கு மூலமானதை வகுத்தவரும் அவரே. கி.மு. 44இன் தொடக்கத்தில் வாழ்நாள் சர்வாதிகாரி என்னும் பட்டம் அவருக்கு வழங்கப்பெற்றது. மன்னரை விரட்டிக் குடியரசு கண்ட நகரம் உரோம். அங்கே மன்னன் என்னும் சொல்லே வெறுக்கப்பட்ட சொல். பிப்ரவரி 15இல் நடந்த லூபர்காலியா விழாவில் அந்தோணி அவர் தலையில் முடிசூட்ட முயன்றதும், அவர் அதனை மறுத்ததும் பலர் ஐயத்தைத் தீர்க்கவில்லை; வளர்த்தன என்பதே பொருந்தும்.

சீசரிடம் ஓர் அரிய பண்பு இருந்தது. தோற்றவரை அவர் மன்னித்தார். ஃபர்சாலஸ் போரில் எதிரணியில் நின்ற மார்க்கஸ் புரூட்டஸும் உள்நாட்டுப் போரில் பாம்பேயின் பக்கம் நின்ற காசியஸும் அவரால் மன்னிக்கப்பெற்று, கி.மு. 44இல் உயர்ந்த நீதிப் பதவிகளில் அமர்ந்திருந்தனர். உயிர்ப்பிச்சை பெற்றவர் நன்றியுடன் இருப்பர் என அவர் எண்ணினார். பிறர் கையால் உயிர்பெற்று வாழ்வதும் சிலர்க்குத் தாங்கொணா இழிவு என்பதை அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இரவுக் கூட்டங்கள் நடக்கின்றன என்னும் செய்தி அவர் செவிக்கு எட்டாமல் இல்லை. அவற்றை அறிவேன் என ஓர் ஆணை வெளியிட்டதோடு அவர் அமைந்துவிட்டார் என்கிறார் சூட்டோனியஸ். புரூட்டஸைப் பற்றி எச்சரித்தவர்களிடம், இந்த உடல் தானே முடியும் வரை அவர் காத்திருப்பார் எனத் தம் உடலைத் தொட்டுக் காட்டினாராம். வாளேந்தி உடன்வந்த ஸ்பானியக் காவலரையும் அவர் நீக்கிவிட்டார். செனட் உறுப்பினர்கள் அவரைக் காப்பதாகச் சூளுரைத்திருந்தனர். அச்சூளுரையே அவர்க்குக் கவசமாயிற்று.

குறிகளைப் பற்றியும் கூற வேண்டும். ஸ்புரின்னா என்னும் நிமித்திகர், மார்ச்சு நடுநாள் கடவாத இடர் ஒன்று உண்டு என அறிவித்திருந்தார். குதிரைகள் கண்ணீர் உகுத்தன, சிறு பறவையொன்று பிற பறவைகளால் கிழிக்கப்பட்டது என வருவனவெல்லாம் நிகழ்ச்சிக்கு நெடுங்காலம் பின்னர் எழுதப்பட்ட நூல்களில் உள்ளவை; அவற்றை நான் வற்புறுத்த மாட்டேன். குறிகளைப் பொருட்படுத்தாதது சீசரின் பிழை என்றும் கூறத் துணியேன். கி.மு. 63 முதல் உரோமின் தலைமைப் பூசாரியாக விளங்கியவர் அவர். குறிகளை எவ்வாறு வளைக்கலாம் என நன்கறிந்தவர். ஆப்பிரிக்கக் கரையில் இறங்குகையில் கால் இடறி வீழ்ந்தபோது, அம்மண்ணைக் கைப்பற்றுவதுபோல் பற்றித் தீய குறியை நற்குறியாக்கியவர். ஆனால் மனிதர் வாயிலாக வந்த செய்தி வேறு. அதனையும் அவர் குறிகளோடு ஒன்றாக எண்ணிவிட்டார்.

மார்ச்சு 14 இரவு லெபிடஸ் இல்லத்து விருந்தில், எவ்வகை இறப்புச் சிறந்தது என்னும் பேச்சு எழுந்தது. எதிர்பாராது வருவதே சிறந்தது என்றார் சீசர். அன்றிரவு அவர் மனைவி கல்பூர்னியா தீக்கனவு கண்டு நடுங்கினார். காலையில் செல்ல வேண்டா என மன்றாடினார். மூடநம்பிக்கைக்கு இடங்கொடாத மனைவி இவ்வாறு கலங்கியது கண்டு சீசரும் தயங்கினார். அவைக் கூட்டத்தைத் தள்ளிவைக்கவும் இசைந்தார். அந்த ஒரு நாளைக் கடந்திருந்தால், மார்ச்சு 18இல் பார்த்தியப் போருக்குப் புறப்பட்டிருப்பார். படை நடுவே அவரை அணுகுதல் எளிதன்று.

அப்போதுதான் டெசிமஸ் புரூட்டஸ் வந்தார். மேலே கூறிய புரூட்டஸ் வேறு, இவர் வேறு. கால் நாட்டுப் போரில் சீசரின் கடற்படையை நடத்தியவர், சீசர் முழுதும் நம்பியவர், சதியிலும் முன்னின்றவர். மனைவி நற்கனவு காணும் வரை அவை காத்திருக்க வேண்டும் என்றால் பகைவர் நகைக்க மாட்டார்களா என வினவினார். தள்ளிவைப்பதாயினும் நேரில் வந்து கூறுவதே முறை என்றார். கைப்பற்றி அழைத்துச் சென்றார். சீசர் புறப்பட்ட சிறிது நேரத்தில் வேறொருவரின் அடிமை ஒருவன் அவ்வில்லத்தை அடைந்து, சீசரிடம் பெருஞ்செய்தி கூற வேண்டும், அவர் திரும்பும் வரை என்னை இங்கே வைத்திருங்கள் எனக் கல்பூர்னியாவிடம் வேண்டினான்.

வழியில் மற்றொருவர் காத்திருந்தார். நைடஸ் நகரத்து ஆர்டெமிடோரஸ் என்பவர். கிரேக்கம் கற்பித்த ஆசிரியர். புரூட்டஸின் வட்டத்தாரோடு பழகியதால் சதியின் பெரும்பகுதியை அறிந்து, அனைத்தையும் ஒரு சுருளில் எழுதிக் கொணர்ந்தார். தமக்குத் தரப்படும் மனுக்களை எல்லாம் சீசர் உதவியாளரிடம் கொடுத்துவிடுவதைக் கண்டு, நெருங்கிச் சென்று, இதனைத் தாமே தனியே விரைந்து படிக்க வேண்டும் என வேண்டினார். சீசரும் அதனைப் பிறரிடம் கொடுக்கவில்லை. படிக்கப் பன்முறை முயன்றும், சூழ்ந்து வந்த மனுதாரர் கூட்டம் இடந்தரவில்லை. சுருளைக் கையில் ஏந்தியவாறே அவை புகுந்தார் என்பது புளூட்டார்க் தரும் செய்தி. வாயிலில் ஸ்புரின்னாவைக் கண்டு, நடுநாள் வந்துவிட்டதே என நகைத்தார். வந்தது, இன்னும் கழியவில்லை என்றார் நிமித்திகர்.

அன்று அவை கூடியது பாம்பே எடுப்பித்த மண்டபத்தில். அந்தோணியை வெளியே பேச்சில் நிறுத்திவைத்தனர். நாடு கடத்தப்பட்ட உடன்பிறந்தானுக்காக மன்றாடுபவர்போல் டில்லியஸ் சிம்பர் சீசரின் ஆடையைப் பற்றி இழுத்தார். முதற்குத்து காஸ்காவுடையது. சதியில் சேர்ந்தோர் அறுபதின்மருக்கு மேல். உடலில் விழுந்த குத்துகள் 23. தம்மால் வெல்லப்பட்ட பாம்பேயின் சிலையடியில் சீசர் வீழ்ந்தார். மார்பில் பாய்ந்த இரண்டாம் குத்து ஒன்றே உயிர்போக்கியது என மருத்துவர் ஆண்டிஸ்டியஸ் பின்னர் ஆய்ந்துரைத்தார். அனைவரும் ஓடிவிட, மூன்று அடிமைகள் உடலைப் பல்லக்கிலேற்றி, ஒரு கை வெளியே தொங்க, வீட்டிற்குச் சுமந்து வந்தனர்.

சின்னாள் கழித்து அந்தோணியின் இல்லத்தில் உயில் படிக்கப்பெற்றது. தமக்கையின் பேரன் ஒக்டேவியஸ் தத்துமகனாக அறிவிக்கப்பட்டிருந்தார். முதல் உரிமையாளர் இல்லாதபோது சொத்துக்குரியவராகக் குறிக்கப்பட்டோருள் ஒரு பெயர் டெசிமஸ் புரூட்டஸ்.