மகளுக்கு நேரு எழுதிய கடிதங்களைத் தீயில் போட்ட பெற்றோர்!

இந்தியாவில் புதுமை ஓவியத்துக்கு வழி போட்ட அம்ரிதா ஷெர்-கில், வீட்டில் விட்டுவிட்டுப் போன கடிதங்களை, பெற்றவர்களே தீ வைத்துக் கொளுத்தினார்கள். ஜவகர்லால் நேரு எழுதிய கடிதங்களும் அதில் சாம்பல் ஆயின.

இது நடந்தது 1938-ல். அம்ரிதா அப்போது கல்யாணத்துக்காக ஹங்கேரி போயிருந்தார். மாப்பிள்ளை, தாய்வழி உறவான டாக்டர் விக்டர் ஏகான். பழைய கடிதங்கள் யார் கையிலாவது சிக்கினால் மானம் போகும் என்று பெரியவர்களுக்குப் பயமாம். சேதி தெரிந்ததும் மகளுக்கு ஆத்திரம். வயசான காலத்தில் படித்துச் சிரிக்க இருந்ததும் போச்சே என்று தகப்பனாருக்குக் கிண்டலாகவே எழுதிவிட்டார்.

பாரீசில் பதக்கம்

அம்ரிதா 1913-ல் புடாபெஸ்ட் நகரில் பிறந்தவர். தந்தை உம்ராவ் சிங், சீக்கியப் பிரபு. தாய் ஹங்கேரிக்காரர், பாடகி. 16 வயதில் பாரீசுக்குப் போய் ஓவியம் படித்தார். 1933-ல் தங்கப் பதக்கம் வாங்கினார். 1934-ல் இந்தியா திரும்பினார்.

அஜந்தா, கொச்சி, கன்னியாகுமரி என்று தெற்கே சுற்றிவிட்டு வந்து, 1937-ல் தென்னாட்டு மக்களை 3 பெரிய படங்களாக வரைந்தார். மணப்பெண் அலங்காரம், பிரம்மச்சாரிகள், சந்தைக்குப் போகும் கிராமத்தார். அவர் பேர் நிற்பது முக்கியமாக இவற்றால்தான்.

28 வயதில் சாவு

1941 டிசம்பரில் லாகூரில் கண்காட்சிக்கு ஏற்பாடு நடந்தது. திறப்பதற்குச் சில நாள் இருக்கும்போது, திடீர் நோயில் இறந்துபோனார். துக்கம் தாங்காத தாய் 1948-ல் தற்கொலை செய்துகொண்டார்.

கணவரும் தகப்பனாரும் கொடுத்த படங்கள், 1954-ல் டெல்லியில் திறந்த தேசிய நவீன கலைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 1976-ல் அம்ரிதாவின் படங்களைக் கலைச் செல்வம் என்று அரசு அறிவித்தது. அதன்பின் அவற்றை வெளிநாட்டுக்கு விற்க முடியாது.

சரி, வீட்டில் கிடந்த காகிதங்கள்? இங்கேதான் வேடிக்கை. கடிதத்தைக் கொளுத்திய அதே உம்ராவ் சிங், போட்டோ எடுப்பதில் பித்துப் பிடித்தவர். மகள் தவழ்ந்த நாளில் இருந்து எடுத்துத் தள்ளியிருந்தார். அந்தப் படங்களும், தப்பிப் பிழைத்த கடிதங்களும் அம்ரிதாவின் தங்கை இந்திரா குடும்பத்துக்கு வந்தன. இந்திராவின் கணவர் வேறு யாருமல்ல, நாட்டின் 2-வது தலைமைத் தேர்தல் கமிஷனர் கே.வி.கே.சுந்தரம்தான்.

அவர்கள் மகன் விவான் சுந்தரமும் ஓவியர். பெரியம்மாவை அவர் பார்த்ததே இல்லை, பிறந்தது 1943-ல். ஆனாலும் காகிதம் காகிதமாகச் சேர்த்து, 2010-ல் 2 பெரிய புத்தகங்களாகப் போட்டார். தகப்பனாரைக் கிண்டல் செய்த அந்தக் கடிதமும் அதில் இருக்கிறது.