சீனிவாச இராமானுசன்

சீனிவாச இராமானுசன் (டிசம்பர் 22, 1887 - ஏப்ரல் 26, 1920) உலகப் புகழ் பெற்ற தமிழகக் கணிதவியலாளர் ஆவார். எண் கோட்பாடு, முடிவிலாத் தொடர்கள், தொடர் பின்னங்கள் ஆகிய துறைகளில் இவர் கண்ட முடிவுகள் இன்றளவும் ஆராயப்பட்டு வருகின்றன. பட்டம் ஏதும் பெறாத நிலையில் 1913 ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் இவருக்கு ஆய்வு உதவித்தொகை வழங்கியது. அப்பல்கலைக்கழகத்தின் முதல் ஆய்வு மாணவராக இவர் குறிப்பிடப்படுகிறார். இவரது வாழ்க்கையில் உதவித்தொகை கிடைத்த காலமும் கிடைக்காத காலமும் இவரது ஆய்வின் போக்கைப் பெரிதும் தீர்மானித்தன.

இளமைக் காலம்

இராமானுசன் ஈரோட்டில் தமது தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கராகப் பணியாற்றினார். தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பசனைப் பாடல்கள் பாடி வந்தார். கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் இருந்த சிறிய வீட்டில் குடும்பம் வாழ்ந்தது. வருவாய் போதாமையால் கல்லூரி மாணவர் சிலரைப் பணம் பெற்றுக்கொண்டு வீட்டில் தங்க வைத்திருந்தனர்.

1897 ஆம் ஆண்டு நடந்த தொடக்கநிலைத் தேர்வில் இராமானுசன் தஞ்சாவூர் மாவட்டத்தில் முதலிடம் பெற்றார். இதனால் கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் அரைக் கட்டணச் சலுகையில் படிக்க இடம் கிடைத்தது. பள்ளியின் இறுதி ஆண்டில் கார் என்பவர் எழுதிய கணிதத் தொகுப்பு நூல் இவர் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்களைப் பெரும்பாலும் நிறுவல் இன்றித் தரும் அந்நூலைப் படித்து, அவற்றைத் தாமே நிறுவ முயன்றதில் தொடங்கியதே இவரது கணித ஆய்வு.

இழந்த உதவித்தொகை

1903 டிசம்பரில் மெட்ரிக்குலேசன் தேர்வில் தேறிய இராமானுசன், 1904 இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப். ஏ. வகுப்பில் சேர்ந்தார். ஆங்கிலத்திலும் கணிதத்திலும் காட்டிய திறமைக்காக இவருக்குச் சுப்பிரமணியம் உதவித்தொகை வழங்கப்பட்டது. ஆனால் கணிதத்திலேயே முழுக் கவனமும் செலுத்தியதால் பிற பாடங்களில் பின்தங்கினார். அடுத்த வகுப்புக்குத் தேர்ச்சி பெறாததால் உதவித்தொகை நிறுத்தப்பட்டது. கட்டணம் கட்ட இயலாத நிலையில் 1905 இல் வீட்டை விட்டு விசாகப்பட்டினம் சென்றார்.

1906 இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மீண்டும் சேர்ந்தார். நோயுற்றதால் படிப்பு தடைப்பட்டது. 1907 டிசம்பரில் தனித்தேர்வராக எழுதிய எஃப். ஏ. தேர்விலும் தோல்வியுற்றார். அக்கால விதிகளின்படி எல்லாப் பாடங்களிலும் தேறினால் மட்டுமே மேலே படிக்க முடியும். எனவே இவருக்குப் பல்கலைக்கழகப் படிப்பின் வாயில் மூடப்பட்டது.

அடுத்த சில ஆண்டுகள் வருவாய் ஏதுமின்றி, தாமே கண்ட முடிவுகளைக் குறிப்பேடுகளில் எழுதி வந்தார். 1909 சூலையில் சானகி அம்மாளுடன் இவருக்குத் திருமணம் நடந்தது. குடும்பப் பொறுப்பு ஏற்பட்டபின் வேலை தேடத் தொடங்கினார்.

தனியார் ஆதரவும் துறைமுக வேலையும்

1910 இல் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி. இராமசாமி ஐயரைச் சந்தித்தார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவரான அவர், குறிப்பேடுகளைக் கண்டு வியந்து, சென்னையிலிருந்த கணித ஆசிரியர்களுக்கு அறிமுகக் கடிதம் அளித்தார். அதன் வழியாக இராமானுசன் 1910 டிசம்பரில் நெல்லூர் ஆட்சியர் ஆர். இராமச்சந்திர ராவைச் சந்தித்தார். ராவ் மாதம் 25 ரூபாய் தம் சொந்தப் பணத்திலிருந்து அளித்து, இராமானுசன் சென்னையில் தங்கி ஆய்வைத் தொடர வழி செய்தார். இராமானுசனின் முதல் ஆய்வுக் கட்டுரை 1911 இல் இந்தியக் கணிதக் கழக இதழில் வெளிவந்தது. அது பெர்னூலி எண்கள் பற்றியது.

இக்காலத்தில் இராமானுசனுக்கு உதவித்தொகை பெற்றுத்தர எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை. ஒருவருடைய பொருளுதவியில் நெடுங்காலம் வாழ இராமானுசன் விரும்பவில்லை. 1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அங்கு உயர் பதவியில் இருந்த எஸ். நாராயண ஐயர் தாமும் ஒரு கணித அறிஞர். அவரும் கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் இராமானுசனுக்கு ஆதரவாக இருந்தனர்.

ஆய்வு உதவித்தொகை

1913 சனவரி 16 அன்று இராமானுசன் கேம்பிரிட்ச் கணிதவியலாளர் ஜி. எச். ஹார்டிக்குத் தமது முடிவுகள் சிலவற்றை எழுதி அனுப்பினார். ஹார்டியும் அவருடைய நண்பர் லிட்டில்வுட்டும் அவற்றை ஆராய்ந்து, எழுதியவர் மிக உயர்ந்த திறமை கொண்டவர் என்ற முடிவுக்கு வந்தனர். ஏறத்தாழ அதே வேளையில், இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைவரும் கணித அறிஞருமான கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தபோது குறிப்பேடுகளைப் பார்வையிட்டார். வருவாய்க் கவலையின்றிச் சில ஆண்டுகள் கணிதத்தில் மட்டும் ஈடுபட இராமானுசனுக்கு வாய்ப்பளிக்க வேண்டும் என அவர் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்தார்.

பட்டம் இல்லாத ஒருவருக்கு இத்தகைய தொகையை வழங்க நடைமுறை விதிகளில் இடமில்லை. எனினும் ஆராய்ச்சியை வளர்ப்பது பல்கலைக்கழகத்தின் கடமைகளுள் ஒன்று என்ற வாதம் ஏற்கப்பட்டது. 1913 ஏப்ரலில் ஆட்சிக்குழு இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 75 ரூபாய் வழங்க முடிவு செய்தது. மே 1 முதல் உதவித்தொகை நடைமுறைக்கு வந்தது. இது இராமானுசனின் துறைமுகச் சம்பளத்தைப் போல இரண்டரை மடங்கு ஆகும். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஆய்வு அறிக்கை அளிக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1913 ஆகஸ்ட், நவம்பர், 1914 மார்ச் ஆகிய மாதங்களில் இராமானுசன் அளித்த மூன்று அறிக்கைகளில் வரையறுத்த தொகையீடுகள் பற்றிய முடிவுகள் இடம்பெற்றன. இவற்றுள் ஒன்று இன்று இராமானுசனின் தலைமைத் தேற்றம் என அழைக்கப்படுகிறது.

கேம்பிரிட்ச் ஆண்டுகள்

1914 தொடக்கத்தில் சென்னையில் சொற்பொழிவாற்ற வந்த ஈ. எச். நெவில், இராமானுசனை இங்கிலாந்து வர இணங்கச் செய்தார். பயணத்துக்கும் தங்குவதற்கும் ஆகும் செலவே அடுத்த தடையாக இருந்தது. நெவில், ஸ்பிரிங் முதலியோரின் முயற்சியால் சென்னைப் பல்கலைக்கழகம் அரசின் ஒப்புதலுடன் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகையும், பயணத்துக்கும் உடைகளுக்குமாக 100 பவுண்டும் வழங்கியது. முதலில் இரண்டு ஆண்டுகளுக்கு வழங்கப்பட்ட உதவித்தொகை பின்னர் நீட்டிக்கப்பட்டது. ஆண்டுத் தொகையில் 50 பவுண்டு கும்பகோணத்திலிருந்த குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்டது. திரினிட்டி கல்லூரி தன் பங்காக ஆண்டுக்கு 60 பவுண்டு அளித்தது.

1914 மார்ச் 17 அன்று சென்னையிலிருந்து கப்பலேறிய இராமானுசன் ஏப்ரல் 14 அன்று இலண்டனை அடைந்தார். சில மாதங்களில் முதல் உலகப் போர் தொடங்கியது. ஹார்டியுடன் இணைந்து எண்களின் பிரிவினைகள் குறித்து ஆராய்ந்தார். உயர் பகு எண்கள் பற்றிய ஆய்வுக்காக 1916 இல் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகம் இவருக்கு ஆய்வு வழியான இளங்கலைப் பட்டம் வழங்கியது. சென்னையில் எஃப். ஏ. தேர்வில் தோல்வியுற்ற ஒன்பதாம் ஆண்டில் இப்பட்டம் கிடைத்தது.

1917 முதல் உடல்நலம் குன்றியது. போர்க்காலத்தில் மரக்கறி உணவு எளிதில் கிடைக்காததும் குளிரும் தனிமையும் இவரை வாட்டின. காசநோய் எனக் கருதிப் பல மருத்துவமனைகளில் சிகிச்சை அளிக்கப்பட்டது. ஈரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாம் என 1994 இல் ஒரு மருத்துவ ஆய்வு கூறியது. 1918 இல் இலண்டன் இராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும், அதே ஆண்டு அக்டோபரில் திரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னது ஆண்டுக்கு 250 பவுண்டு வீதம் ஆறு ஆண்டுகளுக்குரியது. அதற்குப் பணிக் கட்டுப்பாடு எதுவும் விதிக்கப்படவில்லை.

ஏழை மாணவர்களுக்கான வேண்டுகோள்

சென்னைப் பல்கலைக்கழகமும் 1919 ஏப்ரல் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு வழங்க முன்வந்தது. இங்கிலாந்து சென்று வரும் பயணச் செலவும் இதில் சேர்க்கப்பட்டது. 1919 சனவரியில் நன்றி தெரிவித்துப் பதிவாளருக்கு எழுதிய கடிதத்தில், இத்தொகை தமது தேவைக்கு மிகுதியானது என இராமானுசன் தெரிவித்தார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு கொடுத்து, தமது அவசியச் செலவுகள் போக எஞ்சுவதை ஏழை மாணவர், அநாதைகள் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் புத்தகங்கள் வழங்கவும் பயன்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கட்டணம் கட்ட இயலாமல் கல்லூரியை விட்டு நீங்கியவரின் வேண்டுகோள் இது.

இறுதிக் காலம்

1919 மார்ச் இறுதியில் இராமானுசன் இந்தியா திரும்பினார். கொடுமுடி, கும்பகோணம், சென்னை ஆகிய இடங்களில் தங்கிச் சிகிச்சை பெற்றார். நோயுற்ற நிலையிலும் போலித் தீட்டா சார்புகள் எனப்படும் புதிய வகைச் சார்புகளைக் கண்டறிந்து 1920 சனவரியில் ஹார்டிக்கு எழுதினார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் தமது 32 ஆம் அகவையில் காலமானார். ஐந்து ஆண்டுகளுக்கென வழங்கப்பட்ட தொகையில் ஓராண்டே கடந்திருந்தது.

சானகி அம்மாளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 20 ரூபாய் ஓய்வூதியம் வழங்கியது. பிற்காலத்தில் அவர் திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து வாழ்ந்து, 1994 இல் காலமானார்.

பெற்ற உதவிகள்

* 1897: பள்ளியில் அரைக் கட்டணச் சலுகை
* 1904: அரசுக் கல்லூரி உதவித்தொகை (தேர்ச்சியின்மையால் நிறுத்தப்பட்டது)
* 1911: இராமச்சந்திர ராவின் உதவி, மாதம் 25 ரூபாய்
* 1913: சென்னைப் பல்கலைக்கழக ஆய்வு உதவித்தொகை, மாதம் 75 ரூபாய்
* 1914: சென்னைப் பல்கலைக்கழகம், ஆண்டுக்கு 250 பவுண்டு, திரினிட்டி கல்லூரி, ஆண்டுக்கு 60 பவுண்டு
* 1918: திரினிட்டி கல்லூரி ஆய்வுறுப்பினர், ஆண்டுக்கு 250 பவுண்டு
* 1919: சென்னைப் பல்கலைக்கழகம், ஆண்டுக்கு 250 பவுண்டு

மதிப்பீடும் நினைவும்

இராமானுசனின் இளம் வயது மரணத்தைவிட, 18 முதல் 25 வயது வரையிலான காலத்தில் இவருக்குத் தக்க வழிகாட்டுதல் கிடைக்காமற் போனதே பெரிய இழப்பு என ஹார்டி கருதினார். எந்த உதவித்தொகையும் நிலையாகக் கிடைக்காத காலமும் அதுவே.

இராமானுசன் பெற்ற ஆய்வு உதவித்தொகை பின்வந்தவர்களுக்கு முன்மாதிரி ஆயிற்று. எண் கோட்பாட்டில் புகழ் பெற்ற எஸ். எஸ். பிள்ளையும் 1927 இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வு மாணவராகவே தமது பணியைத் தொடங்கினார். வள்ளல் அழகப்பச் செட்டியார் 1950 ஆம் ஆண்டளவில் சென்னையில் நிறுவிய இராமானுசன் கணித நிறுவனம், பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. 1976 இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ், திரினிட்டி கல்லூரி நூலகத்தில் இராமானுசனின் இறுதி ஆண்டுக் குறிப்புகளைக் கண்டெடுத்தார். இது தொலைந்த குறிப்பேடு என அழைக்கப்படுகிறது. கும்பகோணம் வீடு நினைவில்லமாகப் பேணப்படுகிறது. இராமானுசனின் ஆய்வுகளோடு தொடர்புடைய துறைகளில் சிறந்து விளங்கும், 32 வயதுக்கு மேற்படாத கணிதவியலாளர்களுக்கு 2005 முதல் சாஸ்திரா பல்கலைக்கழகம் 10,000 டாலர் பரிசு வழங்கி வருகிறது. இவரது பிறந்த நாளான டிசம்பர் 22, 2012 முதல் இந்தியாவில் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகிறது.