அடுத்த அடியை ஆண்டவரிடம் கேட்டவர்

இறம்பொடை மலைச்சரிவுகளில் இன்று தேயிலை படர்ந்திருக்கிறது. தேயிலையும் கோப்பியும் வருவதற்கு முன்னர் இம்மலைகள் கண்டி அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. அந்த அரசின் தலைநகரில் கைதியாக வைக்கப்பட்டு, அங்கேயே பணியாற்றி, அங்கேயே உயிர் நீத்தவர், இலங்கையின் அப்போஸ்தலர் எனப் போற்றப்படும் புனித யோசேவாஸ் அடிகளார். அவருடைய வாழ்வைத் துணிவுக்கு எடுத்துக்காட்டாக நாம் அடிக்கடி கூறுகிறோம். அன்றாட வாழ்வில் நல்ல தீர்மானம் எடுப்பது எப்படி என்பதற்கும் அது சிறந்த பாடமாகும்.

1651 ஏப்ரல் 21 அன்று கோவாவின் பெனாவ்லிம் ஊரில் பிறந்த அவர், 1676இல் குருவானார். ஒல்லாந்தர் ஆட்சியில் இலங்கைக் கத்தோலிக்கர் குருக்களின்றி, மறைவில் செபித்து வாழ்வதைக் கேள்வியுற்று உள்ளம் உருகினார். உடனே புறப்பட விரும்பினார். ஆனால் திருச்சபை அதிகாரிகள் 1681இல் அவரைக் கனராப் பகுதிக்கு அனுப்பினர். அவர் முணுமுணுக்கவில்லை, கொடுத்த பணியை மூன்று ஆண்டுகள் முழுமனத்தோடு செய்தார். நல்ல ஆசை எழுந்தவுடனேயே அதற்குரிய வேளையும் வந்துவிட்டதாக எண்ணாமல், மூத்தோர் சொல்லுக்குச் செவிமடுத்துக் காத்திருந்தார்.

கோவா திரும்பி ஒறற்றோரியன் சபையில் இணைந்தபின், காத்திருந்த வேளை வாய்த்தது. கூலித் தொழிலாளியின் எளிய உடையில் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து, 1687இல் யாழ்ப்பாணம் சேர்ந்தார். வந்தவுடன் கடும் வயிற்றுநோய் அவரை வாட்டியது. தேறியபின் கழுத்தில் செபமாலை அணிந்து, வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். செபமாலையைக் கண்டு எவர் முகம் மலர்கிறது என்று கூர்ந்து நோக்கினார். நம்பத்தக்கவர் என்று தெளிந்த பின்னரே தாம் குரு என்பதை வெளிப்படுத்தினார். துணிவும் விவேகமும் அவரிடம் கைகோத்து நடந்தன. சில்லாலைக் கிராமம் அவருக்கு அடைக்கலம் தந்தது.

1689இல் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் கைதுசெய்யப்பட்டுத் துன்புறுத்தப்பட்டனர். அடிகளார் பின்னர் கண்டி அரசுக்கு உட்பட்டிருந்த புத்தளம் சென்று பணியைத் தொடர்ந்தார். 1692இல் கண்டிக்குள் நுழைந்ததும், போர்த்துக்கேயரின் ஒற்றர் என்ற பழியோடு சிறையில் அடைக்கப்பட்டார். அங்கே தம் விதியை நொந்துகொள்ளவில்லை. சிங்கள மொழியைக் கற்கலானார். தப்பியோட முயலாமல், தம்மைச் சூழ இருந்தோருக்குப் பணிசெய்தார். காலப்போக்கில் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனின் நன்மதிப்பு அவருக்குக் கிட்டியது.

1697இல் கண்டியில் அம்மைநோய் பரவியபோது, நோயுற்றோரை உறவினரே கைவிட்டனர். அடிகளார் தம் மருமகனான கர்வாலோ அடிகளுடன் அவர்களைத் தேடிச்சென்று, குடில் அமைத்து, உணவூட்டி, புண்களைக் கழுவினார். இனமோ சமயமோ பார்க்கவில்லை. தொற்றிவிடும் என்ற அச்சம் நியாயமானதே. எனினும் யாருக்கு என் கைகள் இப்போது தேவை என்ற கேள்வியே அவரை வழிநடத்தியது. பின்னர் ஆயர் நிலைக்கு உயர்த்த முன்வந்தபோது அதைத் தாழ்மையுடன் மறுத்தார். 1711 ஜனவரி 16 அன்று கண்டியில் இறைவனடி சேர்ந்தார். 1995இல் அருளாளராகவும், 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் புனிதராகவும் உயர்த்தப்பட்டார்.

அன்பார்ந்தவர்களே, நம் லயங்களிலும் ஒவ்வொரு நாளும் தீர்மானங்கள் காத்திருக்கின்றன. தாய் வெளிநாட்டுக்கு வேலைக்குச் செல்வதா? மகன் படிப்பை நிறுத்திவிட்டுக் கொழும்புக் கடைக்குப் போவதா? பிள்ளையின் சடங்கை ஊர் மெச்ச நடத்துவதற்குக் கடன் வாங்குவதா? வறுமை நெருக்கும்போது விடை எளிதன்று. ஆயினும் அடிகளாரின் வாழ்வு நமக்குச் சில வழிகளைக் காட்டுகிறது. முதலில் செபத்தில் அமர்வோம். நம்மீது அன்புள்ள மூத்தோரிடமும் பங்குத்தந்தையிடமும் ஆலோசனை கேட்போம். இத்தீர்மானத்தால் வீட்டில் யாருடைய கண்ணீர் குறையும், யாருடைய கண்ணீர் பெருகும் என்று எண்ணிப் பார்ப்போம். கதவு அடைபட்டால், அடைபட்ட இடத்திலேயே இன்று செய்யக்கூடிய நன்மையைத் தேடுவோம்.

குழந்தை ஆசைப்பட்டதை உடனே கேட்டு அழும். வளர்ந்தவன் காலமறிந்து செயற்படுவான். விசுவாச வளர்ச்சியும் அத்தகையதே. இன்றிரவு குடும்பமாகச் செபமாலை சொல்லும்போது, நம் முன்னுள்ள ஒரு தீர்மானத்தைப் புனித யோசேவாஸ் அடிகளாரின் மன்றாட்டோடு ஆண்டவரின் பாதத்தில் வைப்போம். முழு வழியும் இன்றே தெரியாவிட்டாலும், அடுத்த அடியை அவர் காட்டுவார்.