ஏரிகளின் கதை சொன்ன பேராசிரியர்

சோழர் காலத்து ஏரிகளைக் காத்தவர் யார்? அரசரா, ஊராரா? இதற்குக் கல்வெட்டுகளிலிருந்து விடை எடுத்துச் சொன்ன அறிஞர்களில் ஒருவர் பேராசிரியர் க. அ. நீலகண்ட சாஸ்திரி. சோழ நாட்டைப் பற்றிச் சீன தேசத்தார் எழுதி வைத்தவற்றையும் தேடித் தொகுத்தவர் அவர்.

பிறப்பும் படிப்பும்

திருநெல்வேலிச் சீமையில் கல்லிடைக்குறிச்சி என்ற ஊரில் 1892-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந் தேதி பிறந்தார். திருநெல்வேலி இந்துக் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார். எம்.ஏ. பரீட்சையில் மாகாணத்திலேயே முதல்வராகத் தேறினார். படித்த திருநெல்வேலிக் கல்லூரியிலேயே 1913-ல் ஆசிரியரானார். பின்னர் 2 ஆண்டுகள் காசியில் பேராசிரியராக இருந்தார்.

1920-ல் சிதம்பரத்தில் புதிதாகத் தொடங்கிய கல்லூரிக்கு முதல்வராக வந்தார். அந்தக் கல்லூரியே 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக் கழகமாக வளர்ந்தது. சிதம்பரம், நெய்வேலி, நெல்லிக்குப்பம் எல்லாம் அன்று தென்னாற்காடு மாவட்டத்து ஊர்கள். இன்று கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. சோழர் வெட்டிய வீராணம் ஏரி இருப்பதும் இங்கேதான்.

1929-ல் சென்னைப் பல்கலைக் கழகத்தில் சரித்திரப் பேராசிரியரானார். 1946 வரை அங்கே பணியாற்றினார். சோழர் வரலாற்றை 1935-லும் 1937-லும் இரண்டு பெரும் பகுதிகளாக வெளியிட்டார்.

சீனர் கண்ட சோழ நாடு

அரசர்கள் தம் புகழைத் தாமே கல்லில் வெட்டுவித்தார்கள். அதை மட்டும் நம்பி வரலாறு எழுதலாமா? வெளியார் என்ன சொன்னார்கள் என்றும் பார்க்க வேண்டும் அல்லவா? நீலகண்ட சாஸ்திரி அப்படியே பார்த்தார். கிரேக்கர், அராபியர், சீனர் முதலியோர் தென்னாட்டைப் பற்றி எழுதியவற்றைத் திரட்டி 1939-ல் ஒரு நூலாக்கினார்.

சோழ நாட்டுத் தூதர்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனா சென்றதாகச் சீனக் குறிப்புகள் சொல்லுகின்றன. 1077-ல் போனவர்கள் 72 பேர். கண்ணாடிப் பொருள், கற்பூரம், தந்தம் முதலியவற்றைக் கொண்டுபோனார்கள். சீனப் பேரரசர் அவர்களுக்குச் செம்புக் காசுகளை 81,800 சரங்களாகக் கோத்துக் கொடுத்தார். கடல் கடந்து இவ்வளவு பெருமை பெற்ற நாட்டுக்கு வயிற்றுச் சோறு தந்தவை எவை? ஆறுகளும் ஏரிகளும்தாம்.

ஊரார் காத்த ஏரி

வீராணம் ஏரி முதலாம் பராந்தக சோழன் காலத்தது. வீரநாராயணன் என்பது அவனுடைய பட்டப் பெயர். அதுவே ஏரிக்குப் பெயராகிப் பின்னர் வீராணம் என்று சுருங்கியது. அவன் மகன் இராசாதித்தன் படைவீரர்களைக் கொண்டு இதை வெட்டினான் என்று வழிவழியாகச் சொல்லுவார்கள்.

ஏரியை வெட்டினால் மட்டும் போதுமா? ஆண்டுதோறும் வண்டல் வந்து சேரும். அதை வாராவிட்டால் ஏரி மேடாகிவிடும். அந்த வேலையை ஊரார் ஏற்றார்கள்.

உத்தரமேரூரில் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உண்டு. அவற்றின் ஆண்டுகள் 919, 921. குடத்தில் ஓலை இட்டு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையை அவை கூறுகின்றன. அப்படித் தேர்ந்தவர்களில் 6 பேர் ஏரி வாரியத்தார். அவர்கள் பதவிக் காலம் 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வர முடியாது. அவருடைய உறவினருக்கும் இடமில்லை!

ஏரிச் செலவுக்கென்று ஏரிப்பட்டி என்ற நிலம் விட்டார்கள். வண்டல் வார ஓடம் விடவும் தருமம் வைத்தார்கள். சோழர் ஆட்சி முறையை ஆராய்ந்து 1932-ல் வெளியிட்ட நூலில் உத்தரமேரூர்ச் சபையைப் பற்றி நீலகண்ட சாஸ்திரி விரிவாக எழுதினார். அரசர் கதையாக இருந்த சரித்திரத்தில் ஊராருக்கும் இடம் கிடைத்தது.

இறுதி நாட்கள்

1952 முதல் 1955 வரை மைசூரில் பேராசிரியராக இருந்தார். 1957-ல் பத்மபூஷண் விருது பெற்றார். தென்கிழக்கு ஆசியப் பண்பாட்டை ஆராயும் நிலையத்துக்கு 1972 வரை தலைமை வகித்தார். 1975-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி காலமானார்.

வீராணத்துக்குத் தண்ணீர் இன்றும் கொள்ளிடத்திலிருந்து வடவாறு வழியாக வருகிறது. நெய்வேலிக்கு அருகே வடக்குத்தில் சுத்தம் செய்யப்பட்டு, 2004 முதல் சென்னைக்குக் குடிநீராகவும் போகிறது. ஆனால் வண்டல் சேர்ந்து ஏரியின் கொள்ளளவு குறைந்திருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏரி வாரியத்தார் செய்த அந்த வேலை இன்றும் ஓயவில்லை.