டால்டனின் நாட்குறிப்பு

வேதியியல் பாடத்தில் அணுக்கொள்கையைப் படித்த நாம் ஜான் டால்டனை அறிவோம். அவர் வாழ்நாள் முழுவதும் வானிலையைக் குறித்து வந்தவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1766-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஈகில்ஸ்ஃபீல்டு என்னும் சிற்றூரில் ஏழை நெசவாளரின் மகனாகப் பிறந்தார். 12 வயதிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தந்தார். கெண்டல் நகரில் ஆசிரியராக இருந்தபோது, 1787-இல் வானிலை நாட்குறிப்பைத் தொடங்கினார். வெப்பமானி, காற்றழுத்தமானி ஆகியவற்றைத் தாமே செய்துகொண்டார். வீடுகளுக்கு மின்சாரம் வராத காலம் அது. கண்ணால் பார்த்ததைக் கையால் எழுதினார். 57 ஆண்டுகளில் அக்குறிப்புகள் இரண்டு இலட்சத்தைத் தாண்டின. காற்றிலுள்ள நீராவியைப் பற்றிய சிந்தனையே அவரை வாயுக்களின் ஆராய்ச்சிக்கும், பின்னர் அணுக்கொள்கைக்கும் இட்டுச் சென்றது.

1837-இல் பக்கவாதம் தாக்கியது. கை தளர்ந்தும் எழுதுவதை அவர் விடவில்லை. 1844 ஜூலை 26 அன்று சிறிது மழை பெய்ததைக் குறித்துவைத்தார். மறுநாள் மான்செஸ்டரில் உயிர் நீத்தார்.

அந்நகரில் ஏறத்தாழ நூறாண்டு பாதுகாக்கப்பட்ட அவருடைய ஏடுகளில் பெரும்பகுதி, 1940 டிசம்பரில் போர் விமானங்களின் குண்டுவீச்சில் அழிந்தது. 1793-இல் நூலாக அச்சேறிய தொடக்ககாலக் குறிப்புகளோ இன்றும் வாழ்கின்றன.

இன்று மொட்டைமாடியில் வானிலைக் கருவி வைத்திருப்போர் உண்டு. மின்சாரம் நின்றால் பதிவும் நின்றுவிடக்கூடும். அப்போது ஒரு நோட்டும் பென்சிலும் நமக்குக் கைகொடுக்கும். ஒருநாளும் விடாமல் குறிப்போம். குறித்ததை இரண்டு இடங்களில் காப்போம்!